கஹூட் புள்ளியைப் பதிவேட்டில் ஏற்றாதீர்கள்

கோலாலம்பூர்த் தமிழ்ப்பள்ளிகளுக்குப் பயிற்றுப்பணிக்கு வரும் இளம் ஆசிரியர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. பார்த்து எழுதும் பயிற்சியோடு பாடத்தை முடிக்காமல் மாற்று வழியில் கற்பிக்க வேண்டும் என்ற துடிப்போடுதான் வருகிறார்கள். ஆனால் முன்பு வந்தவர்கள் சறுக்கிய அதே இடங்களில் இவர்களும் சறுக்குகிறார்கள். மடிக்கணினிக்குச் சார்ஜ் போட மறப்பது, கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவின் கடவுச்சொல்லைத் தொலைப்பது எல்லாம் இரண்டு வாரத்தில் தானே சரியாகிவிடும். அவற்றை விடுவோம்.

கஹூட் புள்ளியே அடைவுநிலை என்று நினைப்பது

பாடம் முடிந்ததும் கஹூட் என்ற இணைய வினாடி வினா விளையாட்டில் பத்துக் கேள்வி. பிள்ளைகள் குதிக்கிறார்கள், வகுப்பே அதிர்கிறது. அன்று மாலை ஆசிரியர் பட்டியலைத் திறந்து, 1 முதல் 6 வரையுள்ள அடைவுநிலையில் முதல் ஐந்து பேருக்கு 5 என்றும் கடைசி ஐந்து பேருக்கு 2 என்றும் வகுப்புசார் மதிப்பீட்டில் எழுதிவிடுகிறார். எத்தனை முறை சொன்னாலும் இது நிற்பதில்லை. பார்க்கும் ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது.

கஹூட் எப்படிப் புள்ளி போடுகிறது என்று பாருங்கள். வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்கு உச்சம் 1000. உடனே தொட்டால் முழுப்புள்ளி. நேரம் முடியும் தறுவாயில் தொட்டால், விடை சரியாக இருந்தாலும் பாதிதான். 20 விநாடிக் கேள்வியில் 2ஆவது விநாடியில் தொட்டவருக்கு 950, 18ஆவது விநாடியில் தொட்டவருக்கு 550. இப்போது கூட்டிப் பாருங்கள். பத்துக்கும் நிதானமாகச் சரியான விடை தந்த மாணவிக்கு 5500. ஆறுக்கு மட்டும் சட்டென்று சரியாகத் தொட்டு நான்கைத் தவறவிட்ட மாணவனுக்கு 5700. பட்டியலில் அவன் மேலே, பத்தும் தெரிந்தவள் கீழே.

தமிழ்ப் பாடத்தில் இந்தக் கேடு இன்னும் அதிகம். 'பள்ளிக்குச் செல்லும் ____' என்று ஒரு கேள்வி. தெரிவுகள் வலி, வழி, வளி. பின்வரிசைப் பிள்ளை மூன்றையும் உதடசைத்துப் படிக்கிறாள், நாக்கை மடித்துப் பார்க்கிறாள், பிறகு குனிந்து டேப்லெட்டில் நிறத்தைத் தேடுகிறாள். விரல் இறங்கும்போது மீதம் 3 விநாடி. எழுத்தைப் பார்த்து நிதானமாகப் படி என்று நாம்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். அப்படிப் படித்ததற்காக அவளுக்கு 2 போடுவது அநியாயம். நான்கு தெரிவுள்ள கேள்வியில் கண்ணை மூடித் தொட்டாலும் நான்கில் ஒன்று சரியாகும் வாய்ப்பு இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

ஆறாம் ஆண்டு மாணவர்கள் எழுதிவந்த யூ.பி.எஸ்.ஆர். பொதுத்தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு வகுப்புசார் மதிப்பீட்டின் கனம் கூடிவிட்டது. பெற்றோர் அந்த எண்ணை நம்பித்தான் டியூஷனா, குறைநீக்கல் வகுப்பா என்று முடிவெடுக்கிறார்கள்.

கஹூட்டைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. ஒரு கேள்விக்கு 60 முதல் 120 விநாடி வையுங்கள். 4 நிமிடம் வரை வைக்கலாம். புள்ளி இல்லாத கேள்வியாகவும் மாற்றலாம். ஆட்டம் முடிந்ததும் வெற்றிமேடையை விட்டுவிட்டு அறிக்கையைத் திறந்து, எந்தக் கேள்வியில் எந்தத் தவறான தெரிவு அதிகம் விழுந்தது என்று பாருங்கள். 'வளி'யைத் தொட்டவர்கள்தான் நாளைய குறைநீக்கல் குழு. அடைவுநிலையை மாணவர் எழுதியதையும் பேசியதையும் வைத்தே முடிவு செய்யுங்கள். ஏ4 வெள்ளை அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் செருகினால் எழுதி அழிக்கும் சிறுபலகை தயார். 'வழி'யை வைத்து ஒரு வாக்கியம், இரண்டு நிமிடம், மூன்று எண்ணியதும் எல்லாரும் ஒன்றாகத் தூக்க வேண்டும். ஒவ்வொருவராகத் தூக்கவிட்டால் பக்கத்துப் பலகையைப் பார்த்து அழித்து எழுதுவார்கள்.

தட்டச்சு விடையை இயந்திரத்திடம் விடுவது

கூகுள் ஃபார்மில் குறுவிடைக் கேள்வி வைத்தால், நீங்கள் கொடுத்த விடையோடுதான் அது ஒப்பிடும். 'ஔவையார்' என்பதன் முதலெழுத்தை ஒரு பிள்ளை ஒ, ள என்று இரண்டாகத் தட்டினால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. இயந்திரத்துக்கு அது வேறு சொல். அதனால் இரண்டு வடிவத்தையும் விடைப்பட்டியலில் சேர்த்து வையுங்கள். தவறென்று வந்தவற்றை ஒருமுறை கண்ணாலும் பாருங்கள்.

வெயில் விழும் சுவரில் புரொஜெக்டர்

திரைச்சீலை இல்லையா, பலகையில் எழுதுங்கள்.

பிற்பகலில் காணொலிப் பாடம்

தகரக் கூரையில் மழை இறங்கினால் ஒரு சொல்லும் கேட்காது. காலையில் வையுங்கள்.

மாற்றுக் கல்வி என்றதும் பொருள் வாங்க ஓடுவது

பொருள்களைத் தொட்டுப் பழகிக் கற்கும் மொண்டிசோரி முறையில், மணல்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகள் உண்டு. அவற்றைக் கடையில் தேடினால் பெரும்பாலும் ஆங்கில எழுத்துகள்தான் கிடைக்கும். நாமே செய்துகொள்ளலாம். விரலால் தடவி எழுத்துப் பழகுவது நமக்குப் புதிதும் இல்லை. விஜயதசமியன்று அரிசியில் எழுதவைக்கிறோம். திண்ணைப் பள்ளிகளில் மணலில்தான் எழுதினார்கள். சென்னையில் அதைக் கண்ட ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1797இல் இங்கிலாந்தில் அதைப் பற்றி அறிக்கையே வெளியிட்டார்.

மெல்லிய மணல்தாள் வாங்குங்கள். சொரசொரப்பு அதிகமானால் விரல் உறுத்தும், பிள்ளை இரண்டாம் முறை தொடாது. எழுத்து உள்ளங்கை அளவாவது இருக்கட்டும். பசை மேலே வழிந்தால் அந்த இடம் வழுக்கும். எழுதத் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இல்லையென்றால் 'ழ'வைக் கீழிருந்து மேலே தடவுவார்கள். கொம்பையும் காலையும் தனித்தனி அட்டையாக வெட்டினால், 'க'வை நடுவில் வைத்துப் பிள்ளையே 'கொ' கட்டும்.

ஒரு நாளைக்கு மூன்று எழுத்து போதும். முதலில் "இது ழ" என்று தடவிக் காட்டுங்கள். அடுத்து "ழ எங்கே?" என்று கேளுங்கள். கடைசியாக எழுத்தைச் சுட்டி "இது என்ன?" என்று கேளுங்கள். அங்கே பிள்ளை தடுமாறினால் தவறென்று சொல்லாமல் மறுபடியும் "இது ழ" என்றே தொடங்குங்கள்.