அரிசி ஆலைக்கு வெளிநாட்டு இயந்திரம்: கப்பல் ஏறுமுன்பே செய்துவிடும் தவறுகள்

தையில் சம்பா அறுவடை தொடங்குவதற்குள் புதிய சார்டெக்ஸ் ஓடியாக வேண்டும் என்று ஐப்பசியில் முன்பணம் அனுப்பும் ஆலை உரிமையாளர்களை மன்னார்குடி, கும்பகோணம், திருவாரூர்ப் பக்கங்களில் காணலாம். அரிசியில் கலந்த கருப்பு, பழுப்பு மணிகளைக் கேமராவால் கண்டு காற்றுவீச்சால் தள்ளிவிடும் அந்த இயந்திரம் மணிக்கு எத்தனை டன் தள்ளும் என்று வாரக்கணக்கில் பேசுபவர்கள்கூட, விற்பனைக்கு முன் விற்பனையாளர் அனுப்பும் விலைப்பட்டியலான புரோஃபார்மா இன்வாய்ஸை முழுதாகப் படிப்பதில்லை. துறைமுகத்தில் வெடிக்கும் சிக்கல்களில் பெரும்பாலானவை அந்தத் தாளில்தான் தொடங்குகின்றன. சுங்க வேலையை நமக்காகப் பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் எவ்வளவு திறமையானவராக வாய்த்தாலும், தன் கைக்கு வந்த காகிதத்தில் உள்ளதைத்தான் அவரால் தாக்கல் செய்ய முடியும்.

முதல் தவறு, 'ரைஸ் மெஷின், துணைக்கருவிகளுடன், 1 செட்' என்று ஒரே வரியில் பொருளை விவரிக்க விட்டுவிடுவது. தானியத்தைத் தரம் பிரிக்கும் இயந்திரம் சுங்கத் தீர்வைப் பட்டியலில் 8437 என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதற்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரசரோ 8414-இல் வருகிறது. இரண்டையும் ஒரே பெயரில் மூட்டை கட்டி அனுப்பினால், அதிகாரி அவற்றைத் தனித்தனியே பிரித்து விலை கேட்பார். பிரித்த விலை இன்வாய்ஸில் இல்லாததால் விளக்கக் கடிதங்கள் பறக்கும். கன்டெய்னர் யார்டில் நிற்கும்.

கம்ப்ரசரில் இன்னொரு சிக்கலும் உண்டு. கனரகத் தொழில்கள் அமைச்சகம் 2024 ஆகஸ்டில் பிறப்பித்த இயந்திரப் பாதுகாப்பு ஆணை, பம்பு, கம்ப்ரசர், கிரேன் உள்ளிட்ட பல வகை இயந்திரங்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சான்றைக் கட்டாயமாக்குகிறது. அது நடைமுறைக்கு வரும் நாள் பின்னர் 2026 செப்டம்பர் 1-க்குத் தள்ளிவைக்கப்பட்டது. இத்தகைய தேதிகள் மாறக்கூடியவை என்பதால் ஆர்டர் கொடுக்கும் வாரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அந்த உரிமத்தை வெளிநாட்டு உற்பத்தியாளர்தான் தம் தொழிற்சாலைக்குப் பெற வேண்டுமே தவிர, சரக்கு வந்து இறங்கிய பிறகு நாம் ஓடியாடி வாங்கிவிட முடியாது. என்னைக் கேட்டால், சார்டெக்ஸை மட்டும் இறக்குமதி செய்துவிட்டு, கம்ப்ரசரைக் கோயம்புத்தூரிலேயே வாங்கிக்கொள்வதுதான் நல்லது.

அடுத்தது மதிப்பு. தீர்வை, விற்பனையாளர் சொன்ன தொழிற்சாலை விலையின் மீது கணக்கிடப்படுவதில்லை. கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்த மதிப்பின் மீதே கணக்கிடப்படுகிறது. கப்பல் கட்டண ரசீது இல்லையென்றால், 2007-ஆம் ஆண்டின் சுங்க மதிப்பீட்டு விதிகளின்படி கப்பலேற்றிய விலையில் 20 சதவீதம் கட்டணமாகவும், காப்பீட்டுச் சான்று இல்லையென்றால் 1.125 சதவீதம் காப்பீடாகவும் சேர்த்துக்கொள்ளப்படும். 36 லட்ச ரூபாய் இயந்திரத்துக்கு உண்மையில் 1 லட்சம் கட்டணம் கொடுத்தவர், ஒரு ரசீதைத் தவறவிட்டதற்காக 7 லட்சத்து 20 ஆயிரத்துக்குத் தீர்வை கட்ட நேரும். மறுபுறம், இங்கே வந்து இயந்திரத்தை நிறுவி ஓட்டிக் காட்டுவதற்கான கூலியை இன்வாய்ஸில் தனியே காட்டியிருந்தால் அது மதிப்பில் சேராது. இயந்திர விலைக்குள் கரைத்துவிட்டால் அதற்கும் தீர்வை உண்டு.

இனி, அரிசி ஆலைகளுக்குக் குறிப்பாக வலிக்கும் ஓர் இடத்துக்கு வருவோம். துறைமுக மதிப்பு 40 லட்சம் என்று கொள்வோம். அடிப்படைத் தீர்வை 7.5 சதவீதம் என்றால் 3,00,000 ரூபாய். அதன் மேல் சமூக நலக் கூடுதல் கட்டணம் 10 சதவீதம், 30,000 ரூபாய். மதிப்போடு இவ்விரண்டையும் சேர்த்த 43,30,000-இன் மீது ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 18 சதவீதம் என்றால் 7,79,400 ரூபாய். கடைசித் தொகை எப்படியும், விற்பனைக்குக் கட்டும் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரியாகத் திரும்பி வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். திருப்பூர்ப் பின்னலாடைக்காரருக்கு வரலாம். நமக்கு வருமா என்பது மூட்டையின் எடையைப் பொறுத்தது. உதிரியாகவோ, 25 கிலோவுக்கு மேற்பட்ட மூட்டையிலோ விற்கும் அரிசிக்கு ஜிஎஸ்டி இல்லை. கடைகளில் 26 கிலோ மூட்டை அடுக்கியிருப்பதன் காரணமே அதுதான். வரி இல்லாத பொருளை மட்டுமே செய்யும் இயந்திரத்துக்குக் கட்டிய வரியைத் திரும்ப எடுக்க முடியாது. சிறு பைகளும் பெரிய மூட்டைகளும் கலந்து விற்பவர்கள் 60 மாதங்களுக்கு விகிதம் போட்டுத்தான் எடுக்க முடியும். வரித் தொகையையும் இயந்திர விலையோடு சேர்த்துத் தேய்மானம் கோரிவிட்டால், அந்த வரிக்கு உள்ளீட்டு வரவு கிடையாது. வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை எழுதுமுன் ஆடிட்டரிடம் பேச வேண்டிய செய்தி இது. பெரும்பாலும் பிறகுதான் பேசுகிறார்கள்.

மரப்பெட்டியை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இயந்திரத்தைத் தாங்கி வரும் பச்சை மரத்தில் பூச்சி ஒளிந்து வரலாம் என்பதால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடமாவது சூடேற்றப்பட்டிருக்க வேண்டும், அல்லது புகையூட்டப்பட்டிருக்க வேண்டும். அதற்கு அடையாளமாகக் கதிர்ச் சின்னமும், நாட்டின் குறியீடும், சிகிச்சை முறையைக் காட்டும் எழுத்துகளும் மரத்திலேயே முத்திரையாகப் பதிந்திருக்கும். பெட்டியை மூடுமுன் அந்த முத்திரையை நான்கு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஒட்டுப்பலகைக்கு இந்த விதி பொருந்தாது என்பதால் அதைக் கேட்டு வாங்குவது இன்னும் எளிது.

ஜப்பான் போன்ற நாடுகளுடன் உள்ள வர்த்தக ஒப்பந்தத்தின்படி சலுகைத் தீர்வை கோருபவர்கள், பிறப்பிடச் சான்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. 2020 முதல், பொருள் அங்கேதான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதியாளரே வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும். ஏற்றுமதி செய்யும் ஆலைகள் மூலதனப் பொருளுக்கான இபிசிஜி திட்டத்தில் தீர்வை விலக்குப் பெறலாம் என்றாலும், அந்த அனுமதி இறக்குமதிக்கு முன்பே கையில் இருக்க வேண்டும். இறக்குமதி ஏற்றுமதிக் குறியீட்டு எண்ணை ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் புதுப்பிக்க மறந்து, அது முடங்கிக் கிடப்பதைச் சரக்கு வந்த பிறகு கண்டுபிடிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இறக்குமதியைச் சுங்கத்துறைக்கு அறிவிக்கும் பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். 30 நாள் முன்னதாகவும் செய்யலாம். தவறினால் முதல் மூன்று நாள்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாயும் கட்டணம் ஏறும். கன்டெய்னர் வாடகையும் யார்டு வாடகையும் இதற்குமேல் தனி. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் புயல் சின்னம் உருவானால் கப்பல் எந்த நாளில் கரை சேரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் காகிதங்கள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

காப்பீட்டைச் சென்னையோடோ தூத்துக்குடியோடோ முடித்துவிடாமல் ஆலை வாசல் வரை எடுக்க வேண்டும், ஏனெனில் நம் ஊர் வழி வேறு மாதிரியானது. வெண்ணாற்றிலும் வெட்டாற்றிலும் பழைய குறுகிய பாலங்கள் இருக்கின்றன. ஆலைக்குத் திரும்பும் இடத்தில் பாசன வாய்க்கால் மதகு ஒன்று இருக்கும். நாற்பது அடி கன்டெய்னர் அதில் திரும்புமா என்பதை டேப் பிடித்து அளந்து, திரும்பாது என்றால் இருபது அடியில் இரண்டாகப் பிரித்து அனுப்பச் சொல்வதும், அந்தப் புரோஃபார்மா இன்வாய்ஸில் கையெழுத்துப் போடுமுன் செய்ய வேண்டிய வேலைதான்.