சூப்பர்ஹீரோவின் வல்லமையைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி?

காமிக்ஸில் ஒருவர் கட்டடத்தைத் தாண்டுகிறார், எறும்பளவு சுருங்குகிறார், கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறார் என்றால், இதெல்லாம் நடக்காத காரியம் என்று சொல்லிப் புத்தகத்தை மூடிவிடுவது எளிது. ஆனால் அதே பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தாளையும் பேனாவையும் எடுத்தால், பள்ளியில் படித்த இயற்பியல் முழுவதும் புதிதாக உயிர் பெறுகிறது. அதற்கு ஒரே ஒரு விதியைக் கடைப்பிடித்தால் போதும். கதாசிரியர் கேட்கும் அற்புதம் ஒன்றை மட்டும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு நடப்பவை அனைத்தையும் இயற்கை விதிகளிடம் ஒப்படைத்துவிட வேண்டும். சிரிப்பை நாம் தேடிப் போக வேண்டியதில்லை. கணக்கைக் கறாராகப் போட்டால் அது தானாக வந்து சேரும்.

முதல் வேலை, அளந்து பார்க்கத்தக்க ஒரு காட்சியைத் தேர்ந்தெடுப்பது. “அளவற்ற பலம்” என்பதை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது. 1938-ல் அறிமுகமானபோது சூப்பர்மேன் பறக்கவில்லை; இருபது மாடிக் கட்டடத்தைத் தாவிக் கடப்பவர் என்றுதான் அவரைச் சொன்னார்கள். இது நமக்கு மிகவும் வசதியான செய்தி, ஏனெனில் தரையை விட்டு எழும்பிய ஒருவருக்குப் புவியீர்ப்பைத் தவிர வேறு கணக்கு அதிகம் இல்லை. மாடி ஒன்றுக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 60 மீட்டர் உயரம். காற்றுத் தடையை முதல் கணக்கில் விட்டுவிடுங்கள். விடை கையில் வந்த பிறகு அதைத் திருத்திக்கொள்ளலாம்.

அந்த உயரத்தை எட்ட அவர் நொடிக்கு ஏறத்தாழ 34 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 123 கிலோமீட்டரில், தரையை விட்டுக் கிளம்ப வேண்டும். இந்த வேகத்தை அவர் எங்கே பெறுகிறார் என்பதுதான் சுவையான கேள்வி. முழங்காலை மடக்கி நிமிரும் அரை மீட்டர் தூரத்துக்குள் பெற்றாக வேண்டும். இங்கே ஒரு விகிதம் கைகொடுக்கிறது: எழும்பும் உயரத்தை உந்தும் தூரத்தால் வகுத்து ஒன்றைக் கூட்டினால், தரையை அவர் தன் எடையைப்போல் எத்தனை மடங்கு அழுத்துகிறார் என்பது கிடைத்துவிடும். 60-ஐ 0.5-ஆல் வகுத்தால் 120, ஒன்று கூட்டினால் 121. 80 கிலோ எடையுள்ளவர் என்றால் கிட்டத்தட்ட 9.7 டன், வளர்ந்த யானைகள் இரண்டை அவர் பாதங்களின்மேல் ஏற்றி வைத்ததற்குச் சமம்.

இந்த இடத்தில் நிறுத்திவிடாமல், எண்ணைத் தரைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு பாதங்களின் பரப்பும் சேர்ந்து 400 சதுர சென்டிமீட்டர் எனக் கொண்டால், அழுத்தம் 2.4 மெகாபாஸ்கல் ஆகிறது (ஒரு மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டரின்மேல் ஏறத்தாழ பத்து கிலோ எடையை வைத்ததற்குச் சமம்). சாதாரண கான்கிரீட்கூட 20 மெகாபாஸ்கல் வரை தாங்கும் என்பதால் சாலையில் நின்று குதிப்பதில் தடையில்லை. ஆனால் சாதாரண மண் அந்த 2.4 மெகாபாஸ்கலில் பத்தில் ஒரு பங்கையே தாங்கும். ஆகவே பூங்காப் புல்வெளியில் நின்று அவர் எவ்வளவு ஆவேசமாக உந்தினாலும், மேலே போவதற்குப் பதிலாகப் பாதி உடம்போடு மண்ணுக்குள் இறங்கக்கூடும். எதிரி எங்கே வந்தாலும் சூப்பர்மேன் முதலில் ஒரு நல்ல நடைபாதையைத் தேடியாக வேண்டும் என்பது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வல்லமை அவருடையது, தரை நம்முடையது.

அதே விகிதம், மேலிருந்து விழுபவரைக் காப்பாற்றும் காட்சிக்கும் அப்படியே பொருந்துகிறது. விழுந்த உயரத்தை, நிறுத்த எடுத்துக்கொள்ளும் தூரத்தால் வகுக்க வேண்டும். 100 மீட்டர் விழுந்தவரைக் கைகளில் ஏந்தி அரை மீட்டருக்குள் நிறுத்தினால், புவியீர்ப்பைப்போல் 200 மடங்கு எதிர்முடுக்கம் (வேகம் குறையும் வீதம்) அவர்மீது விழுகிறது. 1954-ல் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர், ராக்கெட் வண்டியில் தன்னை இறுக்கிக் கட்டிக்கொண்டு 46.2 மடங்கு வரை தாங்கினார். அதற்கே கண்களில் இரத்தம் கட்டியது. இரும்புக் கைகளில் விழுவதற்கும் தரையில் விழுவதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. 1973-ல் வந்த கதையில் மேலிருந்து விழுந்த தன் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடித்தும் அவள் பிழைக்காமல் போனதற்குத் திடீரென நின்ற அதிர்ச்சியே காரணம் எனப் பதிப்பாளர் தரப்பே பின்னர் விளக்கியது. சரியான முறை என்ன என்பதையும் விகிதமே சொல்கிறது: விழுபவரின் வேகத்துக்கே இறங்கி, மென்மையாகத் தொட்டு, அவரோடு சேர்ந்து இன்னும் 20 மீட்டர் இறங்கியபடியே வேகத்தைக் குறைத்தால் எதிர்முடுக்கம் 5 மடங்கோடு நின்றுவிடும். பிறரைக் காப்பாற்றும் எந்த நாயகனுக்கும் இதை முதல் பாடமாக வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

உருவம் மாறும் நாயகர்களிடம் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: நிறை மாறுகிறதா, இல்லையா? நூறில் ஒரு பங்காகச் சுருங்கும் 80 கிலோ மனிதர் ஒன்றேமுக்கால் சென்டிமீட்டர் உயரம் இருப்பார். நிறை அப்படியே இருந்தால், அவருடைய பாதப் பரப்பு பத்தாயிரத்தில் ஒரு பங்காகி 4 சதுர மில்லிமீட்டர் ஆகிவிடுவதால், தரையில் 196 மெகாபாஸ்கல் அழுத்தம் விழும். முன்பு சூப்பர்மேனைத் தாங்கிய கான்கிரீட் இவரைத் தாங்காது, ஆணிபோல் உள்ளே இறங்கிவிடுவார். நிறையும் கன அளவோடு குறைந்தால் 80 மில்லிகிராம்தான் மிஞ்சும். அப்போது எந்த உயரத்திலிருந்தும் பயமின்றிக் குதிக்கலாம், ஆனால் உடல் சூடு வெகு விரைவில் வடிந்துவிடும். பத்து மடங்கு வளர்பவருக்கோ எலும்பின் குறுக்குப் பரப்பு 100 மடங்கும் எடை 1,000 மடங்கும் கூடுவதால், ஒவ்வொரு எலும்பும் பத்து மடங்கு சுமையை ஏற்க வேண்டும். 1638-ல் கலீலியோ எழுதிவைத்த கணக்கு இது.

மின்னல் வேக ஓட்டக்காரரை ஒரே வரியில் முடித்துவிடலாம்: நொடிக்கு ஏறத்தாழ 7.9 கிலோமீட்டரை எட்டியவுடன் அவர் பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளுக்கு ஒப்பாகிவிடுவதால், உதைத்து ஓடக் காலடியில் தரை அழுந்துவதே நின்றுவிடும்.

கணக்கு முடிந்ததும், கதையைக் கெடுக்காமல் அதைச் சரிசெய்ய ஆகக் குறைந்த மாற்றம் எது என்று தேடுங்கள். என் அனுபவத்தில் இதுவே பாதி இன்பம். மறைந்து திரியும் மனிதரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி அவரை முழுவதும் ஊடுருவிச் சென்றால் விழித்திரையில் எதுவும் தங்காது, ஆகையால் அவருக்கு ஒன்றுமே தெரியாது. பார்வை வேண்டுமானால் விழித்திரை மட்டுமாவது ஒளியை விழுங்கியாக வேண்டும். ஓவியர் செய்ய வேண்டிய திருத்தம் இவ்வளவுதான்: ஆளில்லாத அறையில், ஆள் உயரத்தில், அருகருகே மிதக்கும் இரண்டு சிறிய கறுப்புக் கிண்ணங்கள்.