14 வருடப் புழு என்ற கதை

ஆர்க்டிக் கம்பளிப்பூச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெயரிலேயே சறுக்குகிறார்கள். உடம்பெல்லாம் முடி என்றதும் புலி அந்துப்பூச்சியின் புழு என்று போட்டுவிடுகிறார்கள். இலையுதிர்காலத்தில் அமெரிக்கச் சாலைகளைக் கடக்கும் கருப்பும் செம்பழுப்புமான 'கம்பளிக் கரடி' புலி அந்துப்பூச்சிதான். கிரீன்லாந்திலும் கனடாவின் எல்ஸ்மியர் தீவிலும் வாழும் நம் ஆர்க்டிக் கம்பளிப்பூச்சி (அறிவியல் பெயர் கைனஃபோரா குரோன்லாண்டிகா) அப்படியல்ல. எரிபிடே என்ற அதே பெரிய அந்துப்பூச்சிக் குடும்பம்தான், ஆனால் கிளை வேறு. மரமில்லாத வடதுருவச் சமவெளியான தூந்திராவில் அசல் புலி அந்துப்பூச்சிகளும் உண்டு, வட ஸ்காண்டிநேவியாவில் பறக்கும் லாப்போனிகா என்ற இனம் மாதிரி. அதனால் படம் எடுத்துப் போடும்போது கொஞ்சம் பார்த்துப் போடுங்கள்.

அப்புறம் அந்த 14 வருடக் கணக்கு. புழுவாகவே 14 ஆண்டுகள் வாழும் என்று ஒரு காலத்தில் மதிப்பிட்டது உண்மை. 1998இல் மோர்வுட், ரிங் என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, முழு வாழ்க்கையே ஏறக்குறைய 7 ஆண்டுகள்தான் என்று திருத்தியது. ஆனாலும் பழைய எண்தான் இன்னும் ஊர் சுற்றுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, வேறென்ன!

'உறையாமல் தப்பிக்கிறது' என்று எழுதுவதும் தவறு. அது உறைந்தே போகிறது. உயிரணுக்களுக்கு வெளியே உள்ள நீர் பனிக்கட்டியாகும்; உடம்பில் சேரும் கிளிசரால் உயிரணுக்களைக் காக்கும். மைனஸ் 70 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும்.

இவ்வளவு குளிரைத் தாங்குவதாலேயே குளிர்தான் இதற்கு எமன் என்று நினைத்துவிடுகிறோம். பெரிய ஆபத்து கோடையில்தான். ஒரு வகை ஈயும் ஒரு வகைக் குளவியும் இதன்மேல் ஒட்டுண்ணியாக வளர்ந்து பாதிக்கும் மேற்பட்ட புழுக்களைக் கொன்றுவிடுகின்றன. ஜூனில் பனி உருகியதும் வெளியே வரும் புழு, பாதிக்கும் மேலான நேரத்தை வெயில் காய்வதிலேயே கழிக்கிறது. உடம்பு சூடாகாவிட்டால் தின்ற ஆர்க்டிக் வில்லோ என்ற குட்டைச் செடியின் இலை செரிக்காது. ஜூன் முடியும்போதே, வெயில் பாக்கி இருக்கும்போதே, நீள்உறக்கத்துக்கான பட்டுக்கூடு பின்னி உள்ளே போய்விடும். இதைப் பார்த்துச் சோம்பேறி என்று எழுதியவர்களும் உண்டு. ஒட்டுண்ணிகளிடமிருந்து ஒளிகிற உபாயம் அது.

கடைசியாக ஒன்று. அந்துப்பூச்சி பூவில் தேன் குடிப்பதாக வரைந்துவிடாதீர்கள். இறக்கை முளைத்தபின் அது எதையும் தின்பதில்லை. பெண் பூச்சி பெரும்பாலும் தான் வெளிவந்த கூட்டின்மேலேயே முட்டையிடுகிறது.