ஆலப்புழையில் தூண்டிலோடு படகுவீடு எடுப்பவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் புன்னமடைப் படகுத்துறையில் நான்கு இளைஞர்கள் புத்தம் புது ராடுகளோடு நின்றிருந்தார்கள். "ராத்திரி ஏரி நடுவுல நிறுத்துங்க சேட்டா, காசு சேர்த்துத் தர்றோம்" என்று படகு ஓட்டுபவரிடம் பேரம். எட்டு வருடங்களுக்கு முன் அதே துறையில் அதே பேரத்தை நானும் பேசியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். லைஃப் ஜாக்கெட், கொசுவத்தி எல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுவிடுகிறேன்.

மாலை 5.30க்குப் பிறகு ஓட்டச் சொல்வது

பகல் 12 மணி வாக்கில் ஏறினால் மறுநாள் காலை 9 மணிக்கு இறங்க வேண்டும். இந்த 21 மணி நேரத்தில் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். மாலை 5.30க்குக் கரையோரம் கட்டிவிடுவார்கள். சோம்பேறித்தனம் என்றுதான் அன்று நினைத்தேன். உண்மையில், பகலெல்லாம் நமக்கு விட்டுக்கொடுத்த வேம்பநாட்டு ஏரியில் உள்ளூர் மீனவர்கள் வலை போடும் நேரம் அது.

நாங்கள் ஏறியதே தாமதம். சாப்பிட்டு முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கட்டிய இடத்தில் இரண்டு பக்கமும் படகுகள், ஜெனரேட்டர் சத்தம். "அந்த முனை வரைக்கும், பத்தே நிமிஷம்" என்று நச்சரித்தேன். "வேண்டா சாரே, வல இட்டிட்டுண்டாகும்" (வலை போட்டிருப்பார்கள்) என்றார் படகு ஓட்டுபவர். நான் விடவில்லை. மனமில்லாமல் எடுத்தார். கொஞ்ச தூரத்திலேயே எஞ்சின் திணறி நின்றது. ப்ரொப்பெல்லரில் வலை.

வலைக்காரர் சின்ன வள்ளத்தில் வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீரில் இறங்கி, கத்தியால் அறுத்து அறுத்து எடுத்தார். பாதிக்கு மேல் நாசம். கேட்ட பணத்தைக் கொடுத்தோம். ஆனால் அன்றைய மீனும், புது வலை வாங்கும்வரை அவர் இழந்த ராத்திரிகளும் அந்தக் கணக்கில் இல்லை. படகு ஓட்டியவருக்கு முதலாளியிடம் திட்டு. எனக்கு ஒரு மீன்கூடக் கிடைக்கவில்லை.

இன்றும் அந்தப் பேரம் காதில் விழுந்தால் எனக்குக் கோபம் வருகிறது. கூலிக்கு ஓட்டுபவரால் காசு கொடுக்கும் ஆளிடம் அழுத்தி மறுக்க முடியாது. அந்த இடத்தில் அவரை நிறுத்தாதீர்கள். பேச வேண்டியது முன்பணம் கட்டும்போது: ராத்திரி எங்கே கட்டுவீர்கள்? பக்கத்தில் வேறு படகுகள் நிற்குமா? கரையில் கல்கட்டு, அதாவது கல்லால் கட்டிய கரைச்சுவர், உண்டா? கைனகரி பக்கம் ஒதுக்குப்புறமாகக் கட்டச் சம்மதிக்கும் படகு கிடைத்தால், ஏசி இல்லாவிட்டாலும் அதையே எடுங்கள்.

படகுவீட்டையே மீன்பிடி படகாக நினைப்பது

அது தூங்கவும் சாப்பிடவும்தான். விடியற்காலையில் மீன் பிடிக்க, உள்ளூர்க்காரர் ஒருவரையும் அவருடைய சின்ன வள்ளத்தையும் தனியாகப் பேசிவையுங்கள். வலை எங்கே கிடக்கிறது என்று அவருக்குத் தெரியும். படகுவீடு கிளம்புவதற்குள் இரண்டு மணி நேரம் அமைதியாகத் தூண்டில் போடலாம்.

தண்ணீர்முக்கம் ஷட்டரை மறந்துவிடுவது

ஆலப்புழையைச் சுற்றியுள்ள குட்டநாட்டு வயல்களில் பல கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. நெல்லுக்கு உப்புநீர் ஏறாமலிருக்க, வழக்கமாக டிசம்பர் நடுவில் தண்ணீர்முக்கம் தடுப்பணையின் ஷட்டர்களை இறக்கி, மார்ச், ஏப்ரல் வாக்கில் தூக்குவார்கள். நாம் கூட்டம் கூட்டமாகப் போவது சரியாக அந்த மாதங்களில்தான். அப்போது அணைக்குத் தெற்கே தண்ணீர் நன்னீராகி ஆகாயத்தாமரை மண்டும். கடலிலிருந்து ஏறிவரும் கொடுவா மீனுக்கு வழி அடைபட்டிருக்கும். கொடுவாதான் வேண்டும் என்றால் அணைக்கு வடக்கே போங்கள், அல்லது ஷட்டர் திறந்திருக்கும் மாதமாகப் பாருங்கள்.

ஏரி நடுவை நோக்கி வீசுவது

கரிமீன் காலடியில் இருக்கும். கல்கட்டில் படிந்த பாசியைத் தின்னும் மீன் அது, வாயும் சின்னது. பெரிய தூண்டில் முள், பளபளக்கும் லூர் (செயற்கை இரை) எல்லாம் வீண். சின்ன முள், லேசான தக்கை, மிளகு அளவு மைதா உருண்டை போதும். குஞ்சுக் கூட்டத்தோடு ஜோடியாகச் சுற்றினால் தூண்டிலை எடுத்துவிடுங்கள், காவல் நிற்கிறது.

சிக்கிய தூண்டில் நரம்பை வெட்டித் தண்ணீரில் விடுவது

விடாதீர்கள். நீர்க்காகம் சிக்கிச் சாகும்.

பிடித்ததையெல்லாம் சமைக்கக் கொடுப்பது

படகில் இருப்பது ஒரே சமையல்காரர். காலை 7 மணிக்கு முன் கொடுத்தால் வறுத்துத் தருவார். அதற்குப் பிறகு கிடைத்தால் தண்ணீரிலேயே விட்டுவிடுங்கள்.