“இவருக்குத் தெரபி ஒத்துவராது”: ஆளைப் பார்த்துச் சொல்லும் தவறுகள்

டிப்ரெஷனுக்கு மாத்திரையா, காக்னிட்டிவ் தெரபியா என்று பேச்சு வந்தால் ஆளைப் பார்த்தே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம். படித்தவரா, தெரபி. வேலை போய் வீட்டில் இருப்பவரா, மாத்திரை.

எண்ணங்களைச் சோதிக்கும் சிகிச்சைதானே, எண்ணம் ரொம்பக் கோணலாக இருப்பவருக்குத்தான் அதிகம் பலிக்கும் என்றும் தோன்றும். அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனம் 1980களில் 250 பேரை வைத்து நடத்திய ஆய்வில் நடந்தது வேறு. அந்தக் கோணல் குறைவாக இருந்தவர்களே தெரபியில் நன்றாகத் தேறினார்கள். எதிலும் குறையே இருக்கக் கூடாது என்பவர்களோ, மாத்திரை உட்பட எந்தச் சிகிச்சையிலும் பின்தங்கினார்கள்.

தெரபியில் இவர்கள் ஏன் பின்தங்கலாம் என்பது, வீட்டில் எழுதி வரச் சொல்லித் தெரபிஸ்ட் கொடுக்கும் ஹோம்வொர்க் தாளில் தெரியும். மூன்று கட்டம்: நடந்தது, நினைத்தது, வேதனை நூற்றுக்கு எவ்வளவு. “மேனேஜர் வணக்கத்துக்குப் பதில் சொல்லவில்லை” என்று இப்படிப்பட்ட ஒருவர் எழுதுவார். பக்கத்தில், “வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்.” வேதனைக்கு 70 போடுவதா 75 போடுவதா என்று அடித்து அடித்து எழுதி, இரவு பதினொரு மணிக்குத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, மறுநாள் வெறுங்கையோடு வந்து நிற்பார். தெரபிஸ்ட் இதைச் சோம்பேறித்தனம் என்று குறித்துக்கொண்டால் போச்சு! பேச வேண்டியதே அந்தக் கிழிந்த தாளைப் பற்றித்தான். அடுத்த வாரம் ஐந்தே நிமிடத்தில், அரைகுறையாக எழுதி வரச் சொல்லிப் பார்க்கலாம்.

நோய் முற்றினால் பேச்சு எடுபடாது என்பதும் அவசர முடிவுதான். அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் டெரூபைஸ் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில் 240 பேரும் நடுத்தரம் முதல் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்கள். 16 வாரத்தில் தெரபியிலும் 58 சதவீதம், மாத்திரையிலும் 58 சதவீதம் பேருக்குப் பலன். (ஆய்வு நடந்த இரண்டு இடங்களில் ஒன்றில் மாத்திரை முந்தியது, தெரபிஸ்ட்டின் அனுபவத்துக்கும் அதில் பங்கு உண்டு.)

அப்படியானால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தால், அது அடுத்த தவறு. அந்தச் சராசரிக்குள் இரண்டு கூட்டம் ஒளிந்திருந்தது. ஆளுமைக் கோளாறும் (நெடுநாள் ஊறிய சுபாவமே வாழ்க்கைக்கு இடைஞ்சலாகும் நிலை) சேர்ந்திருந்தவர்களுக்கு மாத்திரை மேலாக இருந்தது, அது இல்லாதவர்களுக்குத் தெரபி. மணமானவர்கள், அண்மையில் வாழ்க்கையில் அடிமேல் அடி வாங்கியவர்கள், நாம் மாத்திரைக்கு அனுப்பிய அந்த வேலையில்லாதவர் போன்றவர்கள், இவர்களுக்கெல்லாம் தெரபியே கூடுதலாக உதவியது. இதைப் படித்துவிட்டு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நாள்பட்ட மனச்சோர்வு என்றால் தெரபி வேண்டாம் என்பவர்களும் உண்டு. அதே ஆய்வில் நாள்பட்ட மனச்சோர்வு உள்ளவர்கள் தெரபியில் மட்டுமா பின்தங்கினார்கள்? மாத்திரையிலும்தான்.