காந்தத் திரவம் வலிய காந்தத்தின் மேல் திரிந்துபோகாமல் இருக்க

கொழிஞ்சாம்பாறையில் தமிழர் காயலான் கடை என்றும் மலையாளிகள் ஆக்ரிக் கடை என்றும் அழைக்கும் எங்கள் கடைக்கு, பாலிஸ்டைரீன் கரண்டித் துண்டுகளும் (தண்ணீரை 1 எனக் கொண்டால் அடர்த்தி 1.05) பெட் பாட்டில் சில்லுகளும் (1.38) கலந்தே வருகின்றன. தண்ணீரில் இரண்டுமே மூழ்கிவிடுவதால் அதில் போட்டுப் பிரிக்க முடியாது. நுண்ணிய காந்தத் துகள்கள் நீரில் மிதக்கும் காந்தத் திரவமோ, அடியில் நியோடிமியம் எனும் வலிய காந்தங்களை வைத்தால், காந்தத்தை நெருங்க நெருங்கக் கனத்ததுபோல் நடந்துகொள்வதால், பெட் கீழேயும் பாலிஸ்டைரீன் மேலேயும் அந்தரத்தில் நின்றுவிடுகின்றன.

மாக்னடைட் (காந்தத்தன்மையுள்ள இரும்பு ஆக்சைடு) துகள்களைத் தயாரித்து ஒலியிக் அமிலம் என்னும் கொழுப்பு அமிலத்தால் பூச்சுக் கொடுக்கும் முறை எங்கும் கிடைப்பதால், நீரில் கலந்த கெட்டித் திரவம் உங்களிடம் இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். அதை நீர்க்கச் செய்யும் இடத்தில்தான் நான் சறுக்கினேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றியபோது கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் தெளிவாக இருந்த திரவம், ஓர் இரவு காந்தத்தின் மேல் இருந்தபின், அடியில் கறுப்புச் சேறும் மேலே வெளிறிய நீருமாகத் திரிந்திருந்தது. ஏறத்தாழ 10 நானோமீட்டர் அளவுள்ள துகளை வெப்ப அசைவு மிதக்க வைத்துவிடும். ஆனால் உப்புத் தண்ணீரிலுள்ள கால்சியம் பூச்சோடு சேர்ந்து சோப்புக் கசடாக மாறுவதாலும், வெறும் நீர் பூச்சின் வெளியடுக்கைக் கரைத்து எடுத்துவிடுவதாலும், துகள்கள் ஒட்டித் திரளுகின்றன. திரளின் பருமன் கூடக்கூடக் காந்தம் இழுக்கும் விசையும் கூடிவிடுகிறது.

ஆகவே, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரில் சிறிது அம்மோனியாவும் சில துளி ஒலியிக் அமிலமும் சேர்த்து, குலுக்கினால் நுரைக்கும் கரைசலாக்கி, அதைக் கொண்டே நீர்க்கச் செய்யுங்கள். சன்னலைத் திறந்து வைக்க மறவாதீர்கள். அடுத்து, வேலைக்குப் பயன்படுத்தப்போகும் காந்தத்தைவிட வலியதொன்றின் மேல் புட்டியை இரவு முழுவதும் வைத்து, காந்தத்தை எடுக்காமலேயே திரவத்தை வேறு பாத்திரத்துக்குச் சாய்த்து, அடியில் ஒட்டியதைத் தள்ளிவிடுங்கள். எதுவும் ஒட்டாத வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்; எனக்கு மூன்றாம் தடவைதான் எதுவும் ஒட்டவில்லை.

ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் போதும் என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. ஒற்றை வட்டக் காந்தமும் சில்லுகளை ஓரத்துக்குத் தள்ளிவிடும். பட்டை நியோடிமியம் காந்தங்களை வடக்கும் தெற்கும் மாறி மாறி மேல்நோக்கும்படி அடுக்குவதே என் முறை. விரல் இடையில் சிக்கினால் நசுங்கிவிடும்.

பின்சேர்க்கை: சில்லுகள் அனைத்தும் மேலேயே மிதக்கின்றன என்று வாளையார் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளே காரணம். சில்லுகளை அதே நுரைக்கரைசலில் முதலில் நனைத்தெடுங்கள். பி.வி.சி.யின் அடர்த்தியும் ஏறத்தாழ 1.38 என்பதால், பெட்டிலிருந்து அதைக் காந்தத் திரவத்தால் பிரிக்க இயலாது. குழாய்த் துண்டுகளை முன்னதாகவே கையால் பொறுக்கிவிடுங்கள்.