பேரியாட்ரிக் அறுவைக்குப் பிறகு: குறைந்த எடை திரும்ப ஏறாமல் பார்த்துக்கொள்வது

உடல் பருமனைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைதான் பேரியாட்ரிக். அதில் ஸ்லீவ் என்ற வகை செய்தவருக்கு 12 முதல் 18 மாதம், இரைப்பை பைபாஸ் என்ற வகை செய்தவருக்கு ஏறக்குறைய 2 வருடம் எடை தானாக இறங்கும். பசியே எடுக்காது, நாலு வாய்க்கு மேல் போகாது. எதிரில் வருகிறவர்களெல்லாம் "என்ன, ஆளே பாதியாயிட்டீங்க?" என்பார்கள். பிறகு ஒரு நாள் எடை நின்றுவிடும். பசி மெல்ல எட்டிப் பார்க்கும், முன்பு இறங்காத தோசை இப்போது இறங்கும். அறுவை தோற்றுவிட்டதோ என்று பலரும் பயப்படுவது இந்தக் கட்டத்தில்தான். அப்படியில்லை. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பங்கோ அதற்குச் சற்று மேலோ வெட்டி எடுக்கப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுகிறது. பைபாஸில் சுமார் 30 மில்லி கொள்ளும் சிறு பை மட்டும் உணவுப் பாதையில் இருக்கும். நாளாக ஆக உடல் இந்த மாற்றத்துக்குப் பழகிக்கொள்கிறது, மிச்சமிருக்கும் இரைப்பையும் கொஞ்சம் இளகுகிறது. இனி எடை நிற்பது தட்டில் எது முதலில் போகிறது என்பதைப் பொறுத்தது.

தட்டில் வரிசை

நம் வழக்கம் சோற்றைக் குவித்துவிட்டுச் சுற்றிலும் மற்றதை வைப்பது. இதைத் தலைகீழாக்க வேண்டும். முதலில் புரதம், அடுத்து காய், இடமிருந்தால் கடைசியில் 3, 4 ஸ்பூன் சோறு. பெரும்பாலானவர்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசை கரைந்தால் உட்கார்ந்திருக்கும்போது உடல் எரிக்கும் கலோரியும் குறையும், பிறகு கொஞ்சம் சாப்பிட்டாலும் எடை ஏறும்.

அசைவம் சாப்பிடுபவருக்கு இது பெரிய கஷ்டமில்லை. காலையில் 2 முட்டை 12 கிராம். இடையில் ஒரு அளவுக்கரண்டி வே புரோட்டீன் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்), டப்பாவைப் பொறுத்து 24 கிராம் சொச்சம். மதியம் குழம்பிலிருந்து எடுத்த மீன் 75 கிராம் என்றால் 16. மாலையில் 100 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல் 8. இரவு நன்றாக வெந்த கோழி 75 கிராமில் 20. மொத்தம் 80 வந்துவிட்டது, இட்லியைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒரு இட்லியில் 2 கிராம்தான் தேறும்.

சைவக்காரர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். சாம்பாரைப் பருப்பு என்று கணக்கெழுதாதீர்கள். வீட்டுச் சாம்பார் ஒரு கரண்டியில் 2, 3 கிராம் புரதம் இருந்தாலே அதிகம், மீதி தண்ணீரும் புளியும். கெட்டியாகக் கடைந்த பருப்பு ஒரு சிறு கிண்ணம் 7 கிராம், பனீர் 75 கிராமில் 14, காய்ந்த சோயா உருண்டை 30 கிராமில் 15, தயிர் 100 கிராமில் 3 அல்லது 4. இவற்றோடு சுண்டலும் புரோட்டீன் பவுடரும் சேர்ந்தால் 70 எட்டும். பவுடர் வேண்டாம் என்று சைவ உணவிலிருந்து மட்டும் அந்த அளவைத் தொடுவது, வயிறு சின்னதாகிவிட்ட பிறகு உண்மையிலேயே சிரமம். இதில் வீம்பு பிடிக்காமல் பவுடரை ஒரு உணவாக எடுத்துக்கொள்வதே மேல். தயிரைத் துணியில் 3 மணி நேரம் கட்டித் தொங்கவிட்டால் நீர் வடிந்து கெட்டியாகும். அதே கிண்ணத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு புரதம் கிடைக்கும்.

ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் கொடுங்கள். எவர்சில்வர் தட்டை விட்டுவிட்டுக் குழந்தைகள் கிண்ணத்துக்கு மாறுங்கள். டிவியும் போனும் பக்கத்தில் வேண்டாம். போதும் என்று உடல் சொல்லும் விதம் இப்போது வேறு: திடீர் விக்கல், தும்மல், மூக்கு ஒழுகுதல், நடுநெஞ்சில் இறுக்கம். அதற்குப் பிறகு வைக்கும் ஒரு வாய்தான் வாந்தியில் கொண்டு விடும். அடைத்துக்கொள்வதில் முதலிடம் பிடிப்பவை பரோட்டா, பிரெட், குழைந்து ஒட்டும் சோறு, காய்ந்துபோன கோழி. நெஞ்சில் சிக்கிவிட்டால் தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள், மேலே நுரையாகத்தான் வரும். எழுந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும். எச்சில்கூட இறங்காத நிலை நீடித்தால் மருத்துவமனை.

குடிப்பது தனி, சாப்பிடுவது தனி. சாப்பிட்ட பின் 30 நிமிடம் கழித்துத் தண்ணீர், நாள் முழுவதும் சிறுகச் சிறுக ஒன்றரை முதல் 2 லிட்டர். ரசத்தைச் சோற்றில் ஊற்றிக் கரைத்துக் குடித்தால் வயிறு நிறைந்த உணர்வு சீக்கிரம் போய்விடும், மறுபடி பசிக்கும். ரசத்தை இரு உணவுக்கு நடுவே டம்ளரில் குடியுங்கள்.

வழுக்கி இறங்கும் தீனி

எடை திரும்ப ஏறியவர்களின் உணவுக் குறிப்பைப் புரட்டினால் விருந்துச் சாப்பாடு அதிகம் இருக்காது. காபி, பிஸ்கட், மிக்சர், ரஸ்க், முறுக்கு, ஐஸ்கிரீம் என்றுதான் இருக்கும். கோழித் துண்டு வயிற்றில் நின்று நிறைவு தரும். மிக்சரோ வாயிலேயே மாவாகி, நிற்காமல் இறங்கிவிடும். 100 கிராம் மிக்சரில் சுமார் 500 கலோரி. சின்ன வயிறு அதைத் தடுக்காது, வலிக்கவும் வலிக்காது. கோழி கஷ்டமாக இருக்கிறது, பிஸ்கட் சுகமாக இறங்குகிறது என்று உடல் நமக்குத் தவறான பாடம் கற்றுக்கொடுக்கும் இடம் இது.

காபியையும் கணக்குப் பாருங்கள். 100 மில்லி கொழுப்புப் பாலும் 2 ஸ்பூன் சர்க்கரையும் சேர்ந்தால் ஏறத்தாழ 100 கலோரி. வீட்டில் 2, அலுவலகத்தில் 2 என்றால் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குச் சமம். ஆனால் வயிறு அதைச் சாப்பாடாகவே எடுத்துக்கொள்ளாது. காபியை விடவேண்டியதில்லை, சர்க்கரையை நிறுத்துங்கள், ஒரு நாளைக்கு 2 டம்ளரோடு நில்லுங்கள்.

பைபாஸ் செய்தவருக்கு இனிப்பு வேறொரு வழியில் கணக்குத் தீர்க்கும். பாயசம், ஜாங்கிரி சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்தில் படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு வந்தால் அது டம்பிங், அதாவது உணவு வேகமாகக் குடலுக்குள் கொட்டிவிடுவது. 1 முதல் 3 மணி நேரம் கழித்து வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் என்றால் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து சர்க்கரை இறங்கியிருக்கிறது. குளுக்கோமீட்டரில் 70க்குக் கீழே காட்டினால் 3 டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், சற்றுத் தெளிந்ததும் ஒரு முட்டையோ ஒரு கைப்பிடி நிலக்கடலையோ. இனிப்போடு மட்டும் நிறுத்தினால் மறுபடி ஏறி மறுபடி இறங்கும்.

மாத்திரை ஆயுளுக்கும்

எடை நன்றாக இருக்கிறது, உடம்பு நன்றாக இருக்கிறது, மாத்திரை எதற்கு என்று இரண்டாம் வருடத்தில் நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். பி12 கல்லீரலில் வருடக்கணக்கில் இருப்பு இருக்கும். அதனால் நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. பாதம் மரத்து, நடை தடுமாறித் தெரியவரும்போது நரம்பு பாதி கெட்டிருக்கும். சைவ உணவு, சர்க்கரை நோய்க்கான மெட்பார்மின், அமிலத்தைக் குறைக்கும் பேண்டோபிரசோல் மூன்றுமே பி12ஐக் குறைப்பவை. இவற்றில் இரண்டு உங்களுக்குப் பொருந்தினால் இன்னும் கவனம். வாய்வழி என்றால் தினம் 350 முதல் 1000 மைக்ரோகிராம், ஊசி என்றால் மாதம் 1000 மைக்ரோகிராம்.

கால்சியம் தினம் 1200 முதல் 1500 மி.கி. ஒரே நேரத்தில் 500, 600க்கு மேல் உடல் ஏற்காது, ஆகவே 2 அல்லது 3 வேளையாகப் பிரியுங்கள். மருந்துக்கடையில் கால்சியம் மாத்திரை என்று கேட்டால் பெரும்பாலும் கார்பனேட்தான் கையில் கொடுப்பார்கள். அது கரைய வயிற்று அமிலம் வேண்டும், உங்களுக்கு அது குறைவு. சிட்ரேட் என்று கேட்டு வாங்குங்கள். அட்டையைத் திருப்பி உள்ளே எவ்வளவு கால்சியம் என்றும் பாருங்கள். 1000 மி.கி. கால்சியம் சிட்ரேட்டில் கால்சியம் 210 மி.கி. அளவுதான். ஒரு மாத்திரையில் கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள் சறுக்குவது இங்கேதான்.

இரும்பு, மாதவிடாய் உள்ள பெண்களுக்கு 45 முதல் 60 மி.கி. கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்துப் போட்டால் இரும்பு சேராது. 2 மணி நேர இடைவெளி வேண்டும். காபி, டீயோடு போட்டாலும் இதே கதை. நடைமுறைக்கு ஒத்துவரும் ஒரு வரிசை: காலை உணவுக்குப் பின் மல்டிவைட்டமின், மதியமும் மாலையும் கால்சியம், படுக்கும் முன் இரும்பு. வைட்டமின் டி தினம் 3000 யூனிட், ரத்தத்தில் 30 நானோகிராமுக்கு மேல் நிற்கும்வரை. வாரம் ஒருமுறை போடும் 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் சொன்ன வாரங்களுக்கு மேல் நீங்களாகத் தொடராதீர்கள். அது கொழுப்பில் தேங்கும் வைட்டமின், அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

ரத்தப் பரிசோதனை முதல் வருடம் 3, 6, 12ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை. ஹீமோகுளோபின் மட்டும் பார்த்தால் போதாது. ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு), பி12, ஃபோலேட், வைட்டமின் டி, பாராதைராய்டு ஹார்மோன், கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் வேண்டும்.

வலி மாத்திரை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிகுளோஃபெனாக் போன்றவை, குறிப்பாக பைபாஸ் தையல் ஓரத்தில், புண் உண்டாக்கும். ரத்தக்கசிவு, ஓட்டை வரை போகும். தலைவலி, மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் நீட்டும் மாத்திரைகள் பலவற்றில் பாரசிட்டமாலோடு இவற்றில் ஒன்று கலந்திருக்கும். வெறும் பாரசிட்டமால் என்று சொல்லிக் கேளுங்கள், பின்பக்கம் படித்த பிறகே காசு கொடுங்கள். புகைப்பதும் இதே புண்ணுக்கு வழி.

எடை ஏறத் தொடங்கினால்

வாரம் ஒரு நாள், காலைக்கடன் முடித்து வெறும் வயிற்றில் எடை பார்த்துக் காலண்டரில் எழுதுங்கள். தினமும் பார்த்தால் உப்பும் நீரும் காட்டும் ஏற்ற இறக்கம் மனத்தைக் கெடுக்கும். தொட்ட குறைந்த எடையிலிருந்து 2, 3 கிலோ ஏறி நிற்பது பலருக்கும் நடப்பது. 5 கிலோ ஏறியும் நிற்கவில்லை என்றால் காத்திருக்காதீர்கள், 15 ஏறிய பிறகு போவதைவிட அப்போது போவது பல மடங்கு சுலபம். வெட்கத்தினாலேயே பரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்கள் உண்டு. அறுவை நிபுணருக்கு இது புதிதில்லை.

போவதற்கு முன் ஒரு வாரம் வாய்க்குள் போன அனைத்தையும் எழுதுங்கள், பேரன் தட்டில் மிஞ்சிய அரை பிஸ்கட் உட்பட. மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். இன்சுலின், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மருந்துகள், ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள் எடையை ஏற்றும். தைராய்டு, தூக்கக் குறைவு பார்க்கப்படும். தேவைப்பட்டால் எண்டோஸ்கோபி. ஸ்லீவ் செய்தவருக்கு நெஞ்செரிச்சல் தொடர்ந்தால் எடை ஏறாவிட்டாலும் எண்டோஸ்கோபி வேண்டும். எடைக்கான டிர்செபடைட், செமாக்ளூடைட் ஊசிகள் 2025ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்துவிட்டன. அறுவை செய்தவர்களுக்கும் உதவக்கூடியவை, ஆனால் ஏற்கெனவே குறைவாகச் சாப்பிடுபவரின் புரதத்தை இன்னும் குறைத்துவிடும். மருத்துவர் கண்காணிப்பில் மட்டும் எடுங்கள். மறு அறுவை கடைசிப் பேச்சு.

நடைப்பயிற்சி வாரம் 150 நிமிடம் என்பது தொடக்கம், எடையை நிறுத்த 250 வரை தேவைப்படலாம். அதைவிட விட்டுப்போவது தசைப் பயிற்சிதான். வாரம் 2, 3 நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, 2 தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது என்று ஆரம்பித்தாலும் போதும்.

மூன்றாம் மாதம் தொடங்கும் முடி உதிர்வு ஆறேழு மாதத்தில் நின்று முளைக்கும். எண்ணெயை மாற்றிப் பயனில்லை, புரதத்தையும் இரும்பையும் பாருங்கள். கர்ப்பம் 12 முதல் 18 மாதம் தள்ளிப் போகட்டும். பைபாஸ் செய்தவர் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. பிறகு கர்ப்பமானால் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்லும் சர்க்கரைப் பரிசோதனைக்கு முன் அறுவை பற்றிச் சொல்லிவிடுங்கள், டம்பிங் வரலாம். மது சீக்கிரம் ஏறும், பழக்கமாகும் ஆபத்தும் கூடும். ஒரே பெக் என்று நினைத்து வண்டி ஓட்டாதீர்கள்.

கையில் ஒரு அட்டை

வாந்தி நிற்காமல் சில நாள் தொடர்ந்தால் நம் ஊரில் செய்யும் முதல் வேலை, தெருமுனைக் கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வது. அறுவை செய்தவர்களுக்கு அதுவே ஆபத்து. தொடர் வாந்தியில் பி1, அதாவது தயமின், சீக்கிரம் தீர்ந்துவிடும். அது இல்லாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும்: பார்வை இரண்டாகும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். தயமின் ஊசி முதலில், குளுக்கோஸ் பிறகு. பைபாஸ் செய்தவருக்கு எத்தனை வருடம் கழித்தும் திடீரென்று கடும் வயிற்றுவலி வந்தால் குடல் உள்ளே சிக்கியிருக்கலாம். வாய்வு என்று ஓமத்தண்ணீர் குடித்துப் படுக்காமல் சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போங்கள். பர்ஸில் ஆதார் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு அட்டை வையுங்கள். அதில் எழுத வேண்டியவை: அறுவையின் பெயர், செய்த தேதி, மருத்துவமனை தொலைபேசி எண், "டைக்ளோஃபெனாக் வகை வலி மருந்து கூடாது", "குளுக்கோஸுக்கு முன் தயமின்".